மூன்றாவது கல்

மூக்கையூர்த் தூண்டில் வளைவில்
மூன்றாவது கல்லில் உட்கார்ந்தால்தான் படம் இறங்கும்.
இரண்டாவதில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.
இன்னும் தள்ளிப் போனால், சில ராத்திரி,
இலங்கைக்காரன் டவர் வந்து
நல்வரவு என்று காசைப் பிடிப்பான்.

ஜெசிந்தா சனிக்கிழமை விடியலில் விமானம் ஏறினாள்.
ஞாயிறு ராத்திரி டோர்ட்முண்ட் திரும்பி
திங்கள் காலை ஆறுக்கு வார்டில் நிற்க வேண்டும்.
நடுவில் மிச்சம் முப்பத்தெட்டு மணி நேரம் லிஸ்பன்.
"பஸ் டிக்கெட்டைவிட மலிவு" என்றாள்.
எந்த ஊர் பஸ் என்று சொல்லவில்லை.

மஞ்சள் டிராம் மேட்டில் ஏறுகிறது.
மஞ்சள் டிராம் மேட்டிலிருந்து இறங்குகிறது.
அதே டிராமா என்று கேட்டேன்.
வேறயாம்.

பிறகு ஜன்னல்கள்.
துணி காய்கிற ஜன்னல், பூனை தூங்குகிற ஜன்னல்,
சாத்தியே கிடக்கிற ஒன்று,
எண்ணினேன், பதினேழு.
"இதுக்கு இங்க ஜனேலாவாம். சாவிக்கு ஷாவ்.
மேசை, மேசாவேதான்.
நம்ம வீட்டுச் சாமானெல்லாம்
இவங்ககிட்ட இருக்கு, பாரேன்."
'அவுங்க விட்டுட்டுப் போனதுதான் நம்மகிட்ட இருக்கு' என்று எழுதி
அழித்துவிட்டு
சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டேன்.

அடுத்தது தகர டப்பா.
மேலே பொன்னெழுத்தில் 1986.
"நீ பொறந்த வருசம் போட்டு விக்கிறாங்க. உள்ள சாளை. எட்டு யூரோ."
தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த இஞ்ஞாசி கேட்டான்:
"அம்புட்டு வருசமாவா கெடாம இருக்கு?"
அன்றைக்கு எங்கள் சாளை
கிலோ பதினெட்டுக்குக்
கோழித் தீவன லாரியில் ஏறிப் போயிருந்தது.
நான் கெட்டேனா இல்லையா என்று
இஞ்ஞாசி கேட்கவில்லை.

அவள் எந்தப் படத்திலும் இல்லை.
எடுக்கிறவள் எப்படி இருப்பாள்.
ஆனால் டப்பா அடுக்கிய அந்தக் கடையின் கண்ணாடியில்
மங்கலாக ஒரு கோட்டு,
முகத்துக்குக் குறுக்கே உயர்த்திய போன்,
போனுக்குப் பின்னால்
காதுவரைக்கும் வெட்டிய முடி.

இரண்டு விரலால் விரித்தேன்.
விரிக்க விரிக்க அவள்
சதுரம் சதுரமாகப் போனாள்.
சுருக்கினால் திரும்ப வந்தாள், முடி மட்டும் வரவில்லை.
போன வாரம் பேசினபோதுகூட
அவள் சளியைப் பற்றித்தான் சொன்னாள்,
என் வலையைப் பற்றித்தான் கேட்டாள்.
வீடியோவைப் போடு என்றதற்கு
நெட் சரியில்லை என்று யார் சொன்னது,
அவளா, நானா?

"நீயும் ஒண்ணு அனுப்பு. இன்னைக்குள்ளது."

எதை எடுப்பது?
கோவில் கோபுரம் அவளுக்கே தெரியும்.
கடலை எடுத்தால் எல்லாக் கடலும் ஒன்றுபோல விழுகிறது.
இஞ்ஞாசியை எடுக்கப் போனால் சட்டை போட்டுவிட்டு வருகிறேன் என்கிறான்.
கடைசியில் கூடையைத் தூக்கிக் காட்டி,
ஊளி நாலு, விளமீன் ஒன்று,
வெயில் நேராக விழ,
இடது கையால் எடுத்து அனுப்பினேன்.

நீலக் கோடு விழுந்தது.
பதில் மீனைப் பற்றி இல்லை.
"கட்டைவிரல்ல என்ன?"

திறந்து பார்த்தேன்.
கூடை விளிம்பில், மீனைவிட வெள்ளையாக,
வலது கைக் கட்டு.
"திருக்கை முள்ளு."
"என்னைக்கு?"
"செவ்வாய்."
"எத்தனை தையல்?"
"அஞ்சு. சாயல்குடியில."
"டி.டி. போட்டியா? கட்டை அவுத்து
கிட்ட வச்சு எடு. ஆட்டாம."

வார்டில் நிற்கிறவள் குரல் அது.
எழுத்திலேயே கேட்கிறது.

அவிழ்த்தேன். உப்புக்காற்று உள்ளே போய் எரித்தது.
இரண்டு படம் ஆடி, மூன்றாவது நின்றது.
அனுப்பினேன். அதன் கீழேயே,
அடுத்த அலை கல்லில் ஏறுவதற்குள்,
"முடி நல்லாருக்கு" என்றும்.

எழுதுகிறாள் என்று காட்டியது.
நிறுத்தினாள்.
எழுதினாள்.

"எந்தப் படத்துல தெரிஞ்சுது?"

சொல்லவில்லை.
சொன்னால் அழித்துவிடுவாள்.